அலறலை எண்ணியவர்கள்

மார்ச் 3

ஸ்டாப்வாட்ச் தம்பிக்கு,

அன்றைக்கு என் வீட்டு முன்னறையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் யாரும் நான் அங்கே இல்லவே இல்லை என்று நழுவக் கூடாது. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தரையில் என் மகன். கதவைப் பிடித்தபடி என் மருமகள். சோபாவில் டிரம்ஸ்காரன், என் மகனோடு இருபத்தெட்டு வருஷம் ஒரே மேடையில் வாசித்தவன். அவனுக்கென்றே வாங்கிப் போட்ட இரும்பு நாற்காலியில் பஸ் ஓட்டுகிற குண்டன். ஜன்னலோரம் ரசிகர் கூட்டத்துக்குத் தலைவனான நீ. சுவரோரம் நான். ஆறு பேர். ஏழாவது ஆள் கிடையாது.

ஒவ்வொரு ஆல்பமும் வெளியே வருவதற்கு முன்னால் என் வீட்டில் உங்களுக்குத்தான் முதலில் போட்டுக் காட்டுவான். பதினொன்று முடிந்து இது பன்னிரண்டாவது. இதில் அவனுடைய குழு இல்லை, அவன் மட்டும். ஒரு கிடார், ஒரு குரல், ஒரு இடத்தில்கூட அலறல் இல்லை. நாலாவது பாட்டு ஓடும்போதே நீ எழுந்தாய். ஒரு வாய்கூடக் குடிக்காத டீயை ஜன்னல் கட்டையில் வைத்தாய். போய்வருகிறேன் என்று ஒரு சொல் இல்லை. ஆடை படிந்த அந்த டீயை நான்தான் கொட்டிக் கழுவினேன். இதையெல்லாம் நான் மறக்கிறவள் இல்லை.

மறுநாள் காலையில் அவன் போட்டோவுக்குக் கறுப்பு பார்டர் கட்டி, கீழே பிறந்த தேதியும் அந்த ஆல்பத்தின் தேதியும் போட்டு, உங்கள் பக்கத்தில் ஏற்றியிருக்கிறாய். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு. குண்டன்தான் காட்டினான். இப்போது அதே படத்தை அச்சடித்து என் கேட்டில் ஒட்டுகிறார்கள். நான் சுரண்டி எடுக்கிறேன், மறுபடி ஒட்டுகிறார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். சாயங்காலம் வருகிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உங்கள் பழக்கம் எனக்குத் தெரியாததா? கச்சேரியில் கடைசிப் பாட்டில் அவன் அலற ஆரம்பித்ததும் ஹால் முழுவதும் சேர்ந்து ஒன்று, இரண்டு என்று வினாடி எண்ணும். நீ முன்னால் நின்று கையில் கடிகாரம் பிடிப்பாய். முப்பத்தொன்று வரை போன நாளில்தானே உனக்கு இந்தப் பெயரே வைத்தான். இப்போது கறுப்புச் சட்டை போட்ட பத்துப் பதினைந்து பேர் என் கேட்டுக்கு முன்னால் நின்று சும்மா எண்ணுகிறார்கள். அலறல் கிடையாது, எண்ணிக்கை மட்டும். முப்பத்தொன்று வந்ததும் நிறுத்திக் காத்திருக்கிறார்கள். பிறகு மறுபடியும் ஒன்றிலிருந்து.

நேற்று அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எண்ணும் சத்தம் கேட்டதும் கை பாதியில் நின்றுவிட்டது. கழுத்து நரம்பு புடைத்து எழுந்ததைப் பார்த்தேன். தம்பி, எனக்குப் பயமாக இருக்கிறது. வாசலில் நிற்கிறவர்களைப் பார்த்து இல்லை.

போனில் திட்டுகள் வருவதால் மருமகள் அதை வாங்கி வைத்துக்கொண்டாள். அதனால்தான் காகிதம். நாலாம் வகுப்போடு நின்ற எழுத்து, சிரிக்காமல் படி. பால் போடுகிறவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். பதிலையும் அவர் கடை முகவரிக்கே போடு, இங்கே யாருக்கும் தெரிய வேண்டாம். அந்தக் கூட்டத்தை நிறுத்து.

உங்கள் பாடகனின் அம்மா


மார்ச் 7

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பட்டறையில் லேத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்து உட்கார்ந்து படித்தேன். டீ விஷயம் தப்புதான். கறுப்பு பார்டரும் நான் போட்டதுதான், மறைக்கவில்லை. ஆனால் கோபத்தில் போட்டதாக நினைக்காதீர்கள். பயத்தில் போட்டேன்.

என் தம்பி பைக்கில் போய்ச் செத்த வருஷம் எனக்கு அழுகையே வரவில்லை. வீட்டில் எல்லோரும், “இவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே, கல்லுடா இவன்” என்று என் காதுபடவே சொன்னார்கள். பட்டறையை மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்து நம் பாடகர் அண்ணனுடைய அந்த முப்பத்தொரு வினாடி அலறலைப் போட்டேன். அப்போதுதான் அழுதேன். அவர் எனக்காக அலறுகிறார் என்றே இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். புதுப் பாட்டில் அவர் யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற மாதிரிப் பாடுகிறார். எங்களை விட்டுவிட்டுப் போகிற குரல் அது. ஜன்னலோரத்தில் உட்கார முடியவில்லை, எழுந்து போய்விட்டேன்.

ஆல்பம் வெளியே வந்த பிறகு கூட்டத்தில் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. “தாத்தாவுக்குத் தூக்கம் வருது, தாலாட்டு பாடுறாரு” என்று ஒருவன் எழுதினான், அதற்கு நானூறு பேர் சிரித்தார்கள். ஒருவன் பழைய கேசட்டையெல்லாம் சுத்தியலால் உடைத்து வீடியோ போட்டான். கொரியர் ஆபீஸில் வேலை செய்யும் ஒரு பெண் மட்டும் எனக்குத் தனியாக, “அண்ணே, வெளிய சொல்லாதீங்க, எனக்கு அந்த நாலாவது பாட்டு ரொம்பப் பிடிச்சிருக்கு” என்று எழுதினாள். பாட்டைப் பிடித்திருக்கிறது என்று சொல்லக்கூட எங்கள் ஆட்களுக்குப் பயம், அம்மா.

உங்கள் வாசலுக்கு இனி யாரும் வர மாட்டார்கள், அதை நிறுத்திவிட்டேன். ஆனால் இருபத்தொன்றாம் தேதி அவர் பாடப்போகிற கச்சேரியில் என்னால் நிறுத்த முடியாது. தொள்ளாயிரம் சீட், முக்கால்வாசி நம் ஆட்கள். கடைசிப் பாட்டில் எண்ண ஆரம்பிப்பார்கள். அவர் அலறுகிற வரைக்கும் எண்ணுவார்கள். “தலைவரே, அவருக்கு எண்ணிக்கை கேட்டா சும்மா இருக்க முடியாது, பாருங்க” என்கிறார்கள். ஆரம்பித்து வைத்தது நான்தான். இப்போது என் கையில் இல்லை.

ஸ்டாப்வாட்ச்


மார்ச் 10

தம்பிக்கு,

வாசல் மூன்று நாளாக அமைதியாக இருக்கிறது. அதற்கு நன்றி. டீக்கு மன்னிப்புக் கிடையாது. தொண்ணூற்று நாலில் மழை நாளில் வந்து, நான் துவைத்துக் காயப்போட்டிருந்த போர்வையில் சேற்றுக் காலைத் துடைத்தாயே, அதுவும் அப்படியேதான் நிற்கிறது.

இப்போது நான் எழுதப்போவதைப் படித்ததும் காகிதத்தை எரித்துவிடு. எனக்கும் மருமகளுக்கும் மட்டும் தெரிந்தது. என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறான். சத்தியத்தை மீறுகிற வயசு எனக்கு வந்துவிட்டது.

போன வருஷம் ஊர் ஊராகப் போய்ப் பாடிவிட்டுத் திரும்பிய வாரம், காலையில் வாஷ் பேசினில் துப்பினான். ரத்தம். பல்லில் என்று சொன்னான். பிள்ளையைப் பெற்றவளிடம் பல்லென்று சொல்கிறான். மருமகள் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். தொண்டைக்குள் குரல் வருகிற இடத்திலேயே கிழிந்து ஆபரேஷன் ஆனது. டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: “பாட்டி, மெதுவா பேசலாம், மெதுவா பாடலாம். ஒரே ஒரு தடவை கத்தினாலும் மறுபடி கிழியும். அடுத்த தடவை தைக்க அங்க இடமில்ல. அப்புறம் பேச்சும் போயிடும்.”

அவன் உங்களை விட்டுப் போகவில்லை தம்பி. மிச்சமிருக்கிற குரலில் உங்களுக்குப் பாடினான். “இத உங்க ஆளுங்ககிட்ட சொல்லிடேண்டா” என்று கேட்டேன். “நோயாளின்னு பாவப்பட்டுக் கை தட்டுவாங்கம்மா. அதுக்குத் திட்டே தேவலாம்” என்றான்.

எண்ணினால் அவன் அலறுவான். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடைசிப் பாட்டு வரும்போது எனக்கு அந்த ஹாலில் ஒரு வாய்கூடத் திறக்கக் கூடாது. நீ ஆரம்பித்தது, நீயே முடி. காரணத்தை மட்டும் யாருக்கும் சொல்லாதே.

உங்கள் பாடகனின் அம்மா


மார்ச் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் சொன்னபடி எரித்துவிட்டேன். அன்றைக்கு வேலை ஓடவில்லை. கறுப்பு பார்டர் படத்தை அழித்துவிட்டேன், அழித்தால் என்ன, ஊரெல்லாம் சுற்றிவிட்டது. நாலாவது பாட்டை மறுபடி கேட்டேன். குரல் எந்த இடத்தில் பார்த்துப் பார்த்துக் கால் வைக்கிறது என்று இப்போது கேட்கிறது. முதல் நாள் கேட்டிருக்க வேண்டிய காது.

காரணத்தைச் சொல்லவில்லை. குண்டனுக்கு மட்டும் பாதி சொன்னேன். அவன் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அழுததாகக் கேள்வி. மற்றவர்களிடம், “இத்தனை வருஷம் நான் சொல்லி எண்ணினீங்க. இந்த ஒரு நாள் நான் சொல்லி வாய மூடுங்க” என்று கேட்டேன். இரண்டு நாள் சண்டை. “எண்ணாம எதுக்குக் கச்சேரிக்கு வரணும், வீட்லயே குப்புறப் படுத்துக்கலாமே” என்றார்கள். கடைசியில் ஒரு வழி கிடைத்தது, எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

வாய் திறக்காது அம்மா. ஒரு வாய்கூட. அவருக்கு மரியாதையாக ஒன்று செய்யப்போகிறோம். சத்தமே வராது. அவர் பார்த்தால் சந்தோஷப்படுவார். நீங்கள் முன்வரிசையில் தைரியமாக உட்காருங்கள்.

ஸ்டாப்வாட்ச்


மார்ச் 17

தம்பிக்கு,

என்ன மரியாதை? எனக்குப் பிடிக்கவில்லை. சந்தோஷப்படுவார் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிறேன். அவனைச் சந்தோஷப்படுத்தச் சொல்லி நான் கேட்டேனா? சும்மா இருக்கத்தானே சொன்னேன்?

அறையைச் சாத்திக்கொண்டு கடைசிப் பாட்டைப் பழகுகிறான். நன்றாகத்தான் பாடுகிறான், மெதுவாக. முடிகிற இடத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் நிற்கிறான். கதவுக்கு வெளியே நான் நிற்கிறேன், அவன் வெளியே வந்ததும் துணி மடிக்கிற மாதிரி நடிக்கிறேன்.

என்ன செய்யப்போகிறீர்கள் என்று இதைக் கண்டதும் எழுது. என்னவாக இருந்தாலும் செய்யாதே. கையைக் காலை ஆட்டாமல் உட்காரச் சொல்.

உங்கள் பாடகனின் அம்மா


மார்ச் 23

அம்மாவுக்கு,

உங்கள் பதினேழாம் தேதிக் கடிதம் இருபத்தொன்றாம் தேதி மத்தியானம்தான் பட்டறைக்கு வந்திருக்கிறது. அப்போதே நான் ஹாலுக்குப் போய்விட்டேன். நேற்றுத்தான் பிரித்தேன்.

நீங்கள் பார்த்தீர்கள். இருந்தாலும் என் கையால் எழுத வேண்டும்.

எண்ணாமல் இருக்க யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் வாயால் வேண்டாம், விரலால் எண்ணலாம் என்றேன். சத்தமில்லாமல் ஒவ்வொரு வினாடிக்கும் ஒரு விரல் தூக்குவது. நீங்கள் அலற வேண்டாம், இத்தனை வருஷம் அலறியதற்கு இது வணக்கம் என்று அவருக்குப் புரியும் என்று நினைத்தேன். சத்தம்தான் ஆபத்து என்று நினைத்தேன் அம்மா. வேறெதுவும் தோன்றவில்லை.

பாட்டு முடிந்தது. கிடார் நின்றது. நம் ஆட்கள் அத்தனை பேரும் ஒரு விரல் தூக்கினோம். பிறகு இரண்டு. இருட்டில் கையெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. அவர் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றில் அவர் மூச்சை இழுத்ததைப் பார்த்தேன், அந்த மூச்சு எனக்குத் தெரியும். வேண்டாண்ணே என்று கத்த வாயைத் திறந்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியவனே நான்தான். அந்த ஒரு நொடி தயங்கினேன். அதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

மறுபடி ஒன்றிலிருந்து விரல்கள் எழுந்தன. யாரும் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. லேத் தின்றது போக எனக்கு ஒன்பது விரல்தான், பத்துக்கு முஷ்டியைத் தூக்கினேன். பத்துக்கு மேல் யாருக்கும் விரல் இல்லை, இரண்டு கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றோம். பதினாலில் அறுந்தது. கம்பி அறுகிற மாதிரி. அவர் வாய் திறந்தபடியே இருந்தது, ஒன்றும் வரவில்லை. பின்னால் இருந்தவர்கள் பாட்டு அப்படித்தான் முடிகிறது என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தேன். உங்கள் மருமகள் என்னைப் பார்த்தார். திரும்பி வந்துவிட்டேன். கடிகாரத்தைப் பட்டறையில் இரும்பை இறுக்கிப் பிடிக்கிற வைஸில் வைத்து நசுக்கிவிட்டேன்.

என்னை மன்னிக்க மாட்டீர்கள் என்று தெரியும். ஒரு வரி எழுதுங்கள், திட்டாக இருந்தாலும் சரி. அவருக்குப் பேச்சு வருமா என்று மட்டும் சொல்லுங்கள்.

ஸ்டாப்வாட்ச்


ஏப்ரல் 2

தம்பிக்கு,

பேச்சு வராது. மூச்சு வருகிறது, இருமல் வருகிறது. என்னை அம்மா என்று கூப்பிடப் பார்த்தால் காற்றுத்தான் வருகிறது. டாக்டரம்மா என்னிடம் கோபித்துக்கொண்டார், “பாட்டி, உங்ககிட்ட எவ்வளவு தெளிவா சொன்னேன்” என்று. ஆமாம் என்று நின்றேன்.

உன் கடிதத்தை ஒரு வாரம் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். உன்னைத் திட்ட எத்தனையோ வார்த்தை சேர்த்து வைத்தேன். இன்றைக்கு எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. சும்மா இரு என்றால் சும்மா இருக்கத் தெரியாத மடையன் நீ, அவ்வளவுதான். டீயும் போர்வையும் அப்படியே நிற்கட்டும். விரல் தூக்கியதை மட்டும் கணக்கிலிருந்து விட்டுவிட்டேன்.

நீ ஹாலில் பின்னால் இருந்தவர்களையெல்லாம் பார்த்தாய், நான் அவனை மட்டும் பார்த்தேன். முதல் விரல் எழுந்தபோது அவன் உங்களைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. இரண்டு கையையும் கூப்பினேன். பெற்ற பிள்ளையைக் கும்பிட்டேன், தம்பி. பார்த்தான், நன்றாகப் பார்த்தான். வெளிச்சம் என் முகத்தில்தான் இருந்தது. பார்த்துவிட்டுச் சிரித்தான். யாரும் அவனைக் கத்தச் சொல்லவில்லை, கேட்கவுமில்லை. அவனுக்கே வேண்டியிருந்தது. பிறகுதான் மூச்சை இழுத்தான்.

வீட்டில் ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டுகிறான். ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் முதலில் என்ன எழுதினான் தெரியுமா? தண்ணீர் கேட்கவில்லை. பெண்டாட்டி எங்கே என்று கேட்கவில்லை. “எத்தனை?” என்று எழுதினான். மருமகள் அதைப் படித்துவிட்டு வெளியே போனவள், சாயங்காலம்தான் உள்ளே வந்தாள்.

எத்தனை என்று எனக்குத் தெரியும். நானும்தான் உட்கார்ந்து எண்ணினேன், வேறென்ன செய்வது. சொல்லவில்லை. தினமும் காலையில் அதையே எழுதிக் காட்டுகிறான். அடுப்பைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொள்கிறேன். பதினாலு என்று சொன்னால், போதாதே என்று முகம் வாடுமோ, இல்லை, இந்தத் தொண்டையோடு பதினாலா என்று சந்தோஷப்படுவானோ. இரண்டையும் என்னால் பார்க்க முடியாது. குண்டனிடமும் சொல்லிவிட்டேன், வாயைத் திறக்கக் கூடாது என்று. நீ வா. அவனுக்குப் பக்கத்தில் உட்கார். என்ன வேண்டுமானாலும் பேசு. அதை மட்டும் சொன்னாயென்றால் அன்றோடு இந்த வீட்டுக்கும் உனக்கும் ஒன்றுமில்லை.

மன்னிக்க மாட்டீர்கள் என்று எழுதியிருந்தாய். ஒரே ஒருவனைத்தான் மன்னிக்க மாட்டேன், அது நீ இல்லை. அவனுக்குச் சோறு ஊட்டுவேன், மருந்து கொடுப்பேன், முதுகு துடைத்துவிடுவேன். சாகிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். என் மகனை.

அவன் அம்மா