சார்ஜென்ட் வீட்டு முளைச் சோளம்

ஓம்துர்மான், 2009 ஆகஸ்ட் 3

போலீஸ் சார்ஜென்ட் பாபிக்ர் இன்றும் என்னிடம் ஓசியில் மூன்று குடுவை மரிசாக் கள் குடித்தான். குடித்து முடித்து, "உங்க நூபா மலைப் பொம்பளைங்களாலதான் ஊரே கெட்டுப்போச்சு" என்று ஏப்பம் விட்டான். வாயைக்கூடத் துடைக்கவில்லை. த்தூ.

ஆகஸ்ட் 5

அவன் மனைவி நப்பீஸா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து ஒரு மூட்டைச் சோளத்தை இறக்கினாள். நோன்பு வருகிறதே, ஹிலுமுர் பானத்துக்கு முளை கட்ட வேண்டுமாம்.

"கோஷே, உன் கை பட்டாத்தான் முளை ஒரே சீரா வருது. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதடி. கள்ளுக்காரி கை பட்டதுன்னா தொடமாட்டாரு."

தொடமாட்டாராம்! மரிசாவுக்கும் இதே முளைதான். ஹலாலா ஹராமா என்று அந்தச் சோளமே முடிவு செய்துகொள்ளட்டும்.

ஆகஸ்ட் 8

இனி ஓசி கிடையாது என்று பாபிக்ரிடம் சொல்லிவிட்டேன். முறைத்துவிட்டுப் போனான். பானைகளைப் பக்கத்து வீட்டுத் தோத்தோவிடம் ஒளித்து வைத்தேன்.

ஆகஸ்ட் 9

வந்தான். பானை இல்லை, பாயில் பரப்பிய முளைதான் இருந்தது. "மாட்டுனியாடி!" என்று பூட்ஸ் காலோடு அதன்மேல் ஏறி மிதித்தான். மிச்சத்தைத் தடயம் என்று சாக்கில் அள்ளி, என்னையும் சேர்த்து ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனான்.

போன தடவை கள் விற்றதற்கு நாற்பது கசையடி. இந்தத் தடவை ஆறு மாதம் ஜெயில் என்றார்கள். என் பிள்ளை கிக்கிக்கு நாலு வயதுதான் – யார் பார்ப்பார்கள்? நப்பீஸாவுக்குக் கொடுத்த வாக்காவது மண்ணாவது!

ஸ்டேஷன் அதிகாரியிடம் சொன்னேன்: "அய்யா, இது இவரு வீட்டுச் சோளம். நோன்புக்கு. வேணும்னா வீட்டம்மாவக் கேளுங்க."

கேட்டார். போனில் நப்பீஸா போட்ட சத்தம் வாசல்வரை கேட்டது. "என் முளையவா மிதிச்சான்? அவன் கால்ல புழு வைக்க!"

அதிகாரி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ அவர் சட்டையில் கொட்டியது. என்னைப் போகச் சொல்லிவிட்டார். பாபிக்ர் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான். பெரிய வீரன்!

ஆகஸ்ட் 12

நோன்புக்குப் பத்தே நாள். நப்பீஸா புதுச் சோளம் அனுப்பியிருக்கிறாள். தெருவே பார்க்க மூட்டையைச் சுமந்து வந்தவன் பாபிக்ர். தண்ணீரும் அவனையே தெளிக்கச் சொன்னேன்.

"கூலியா பாதிச் சோளம் எனக்கு" என்றேன். தலையாட்டினான்.

இரண்டு பாதியும் ஒரே பாயில்தான் கிடக்கின்றன. என் பாதி எதற்கு என்று அவன் கேட்கவில்லை.