புதுக் கொட்டகைக்குக் கிளிப் அடித்த ஒயர்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம், நீயும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறாதே என்றால்தான் கேட்பதில்லை. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைக்காதே, போனில் என்றால் மீட்டிங் என்று சொல்லி வைத்துவிடுவாய்.

உங்கள் கம்பெனி நம் ஊர் தையல் ஆலையைப் பூட்டிவிட்டது. மிஷின்களைக் கண்டெய்னரில் ஏற்றி நீ இருக்கும் துறைமுக ஊருக்கே கொண்டுபோய்விட்டார்கள். இந்தப் பக்கத்துக்கு அரசாங்கம் கொடுத்த வரிச்சலுகை முடிந்ததாம், கப்பலுக்குப் பக்கத்தில் இருந்தால் லாரி வாடகை மிச்சமாம். இத்தனை வருஷம் சட்டை தைத்தது இங்கே, பெரிய ஆஸ்பத்திரியும் அகலச் சாலையும் வந்தது அங்கே, இப்போது தையலும் அங்கே. எனக்குச் சந்தேகம் முன்பே வந்தது. ஆலையில் புதிதாகப் போட்ட கொட்டகைக்கு ஒயரிங் செய்ய என்னைக் கூப்பிட்டபோது, சுவரில் குழாய் பதிக்க வேண்டாம், கிளிப் அடித்து மேலாக இழுத்தால் போதும் என்றார் மேனேஜர். வாசலிலோ ஆலை விரிவாக்கம் என்று ஆளுயர போர்டு. நிலைத்து இருக்கப்போகிறவன் இப்படியா ஒயர் இழுப்பான்? உங்களுக்குப் பாலைப் பார்த்தாலும் சுண்ணாம்புத் தண்ணியாகத்தான் தெரியும் என்று உன் அம்மா சிரித்தாள்.

அந்த போர்டை நம்பி, நீ அத்தை என்று கூப்பிடும் எதிர்வீட்டு இஸ்திரிக்காரம்மா, வேலைக்கு வரும் பெண்களுக்கு வாடகை அறைகள் கட்டலாமா என்று கேட்டு வந்தாள். ஒயர் கதையைச் சொன்னேன். "உங்க பையன் அந்தக் கம்பெனி பெரிய ஆபீஸ்லதானே இருக்கு, தம்பிய ஒரு வார்த்தை கேளுங்கண்ணே. அது வேணாம்னா நான் செங்கல்லத் தொடமாட்டேன்" என்றாள். உன்னைக் கேட்டேன். "பயப்பட ஒண்ணும் இல்லப்பா, தாராளமா கட்டச் சொல்லுங்க" என்றாய். கழுத்தில் கிடந்ததை விற்றுக் கட்டினாள்.

ஆலை பூட்டின அன்று எல்லாரும் கேட்டில் நின்று அழுதுகொண்டிருக்க, அங்கேயே தைத்துக்கொண்டிருந்த உன் தங்கை மட்டும் வீட்டில் பெட்டி அடுக்கினாள். துறைமுக ஊருக்கு மாற்றல் கேட்டு எப்போதோ எழுதிக் கொடுத்திருக்கிறாள். குடைந்து கேட்டதில், அண்ணன்தான் சொன்னான், அப்பாவிடம் மூச்சுவிடாதே என்றான் என்று கக்கினாள். எப்போது என்றேன். எதிர்வீட்டில் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னாலேயே என்றாள். வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்திருப்பாய், அது புரிகிறது. தெரியாது என்று சொல்லியிருக்கலாமே, கட்டச் சொல் என்று ஏன் சொன்னாய்? ஊர் கட்டிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் சந்தேகம் வராது, கடைசி ஆர்டர் வரைக்கும் ஒழுங்காகத் தைப்பார்கள் என்று மேலே இருப்பவர்கள் சொல்லிக் கொடுத்தார்களா, அல்லது உனக்கே தோன்றியதா? இரண்டில் எது என்று யோசித்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

அவளுக்கு உன்மேல் துளி சந்தேகம் இல்லை. ஆள் வராத அறைகளைத் தினமும் பெருக்கிப் பூட்டுகிறாள். நேற்று வந்து, "பாவம் தம்பி, அதுக்கிட்டயும் சொல்லாம மறைச்சிட்டாங்களே. அதுக்காவது வேலை இருக்காண்ணே?" என்று கேட்டாள். இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

தங்கை ஞாயிற்றுக்கிழமை வண்டியில் வருகிறாள், ஸ்டேஷனில் நின்று கூட்டிக்கொள். அவள் வந்து சேர்ந்ததும் நீ இங்கே ஒரு நடை வா. எதிர்வீட்டுக்குப் போய்விட்டு அப்புறம் நம் வீட்டுக்கு வா. அம்மாவிடம் இதுவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. நோய் நொடியில்லாமல் நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா