மேடையில் வைத்த பெயர்

இன்று காலை பீரோவைத் திறந்ததும் அந்தப் பொன்னாடை நழுவிக் காலில் விழுந்தது. நீயும் நானும் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று போர்த்திக்கொண்டது. சரிகை இன்னும் மங்கவில்லை. பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

சுரங்கத்துக்கு நிலம் எடுத்ததில் உன் ஊர் காலியானது. அதற்கு முன்னால் அங்கே ஏரிக்கரையில் நாம் பார்த்த ஊதாப்பூச் செடி எந்தப் புத்தகத்திலும் இல்லை. "யோவ், இதுக்கு எங்க ஊரு பேரை வச்சிடலாம்யா. ஊரு போனாலும் பேரு நிக்கும்" என்றாய். ஷிஃப்ட் முடிந்த மத்தியானங்களில் உட்கார்ந்து அதன் விவரத்தைத் தமிழில் எழுதினோம். விழாக் குழுவில் இருந்தவன் நான். "வெளியீட்டை எங்கிட்ட விடு" என்று மார் தட்டினேன். டவுன்ஷிப் விழா மலரில் போட்டு, மேளம் கொட்டி, முதல் பிரதியை மேடையில் கொடுத்தோம். வெளியீடு என்றால் நமக்கு அதுதானே! உலர்த்திய செடி உன் வீட்டு அலமாரியிலேயே கிடந்தது.

நீ கண் மூடிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. விவரம் லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டுமாம். மாதிரிச் செடியை ஒரு உலர்செடிக் காப்பகத்தில் ஒப்படைத்து, அது எங்கே இருக்கிறது என்று கட்டுரையில் சொல்ல வேண்டுமாம். அச்சடித்தது நூலகங்களுக்குப் போயிருக்க வேண்டுமாம். நாம் வைத்த பெயர் செல்லாது. வெளியூர்க்காரர்கள் இருவர் அதே செடியை முறையாக வெளியிட்டு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரையும், பெயர் வைத்தவர்கள் என்று அதன் பக்கத்தில் அவர்கள் இருவரின் பெயர்களையும் பார்த்ததும் கட்டுரையை மூடிவிட்டேன். டவுன்ஷிப்பில் இன்னும் என்னைச் "செடிக்குப் பேரு வச்சவரு" என்கிறார்கள். சிரித்து மழுப்பிவிட்டு நடக்கிறேன்.

சாயங்காலம் உன் மனைவி வரச் சொல்லியிருந்தாள். உன் வருஷ நினைவுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கிறார்கள். 'செடிக்கு ஊர்ப் பெயர் சூட்டியவர்' என்று உன் படத்துக்குக் கீழே ஒரு வரி. எனக்குத் தாங்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அழுவாள் என்று நினைத்தேன். "அண்ணே, அவங்களுக்குச் செடி எந்த ஊர்ல கெடைச்சுதாம்?" என்றாள்.

ஃபோனில் கட்டுரையைத் திறந்து தேடினேன். செடி எடுத்த இடம் என்ற பகுதியில் உன் ஊரின் பெயர், ஏரிக்கரை உட்பட, பிழையில்லாமல் இருந்தது.

"அப்ப ஊரு பேரு இருக்குதுல்ல. அவரு கேட்டதே அதானே. நீங்க முழுசா படிக்கலியா?"

"இல்ல தங்கச்சி" என்றேன்.

அந்தக் கட்டுரையில் நான் தேடியது உன் ஊரை இல்லையப்பா, என் பெயரை. இந்த வெட்கத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?