செருப்பு போடாம நடக்காதீங்க

என்னங்க, தையல் கடைக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். குளிக்கிற வெந்நீர்ல காலை விட்டுப் பார்க்காதீங்க, முழங்கையால சூடு பாருங்க. பதினோரு மணிக்கு நர்ஸம்மா கட்டு மாத்த வரும்.

நேத்து என் குண்டூசி பாதத்துல ஏறி, நாள் பூரா அதோடயே நடந்திருக்கீங்க. ரத்தத்தைப் பார்த்ததும், "வாயைத் திறந்து சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க"ன்னு கத்திட்டேன். காலைலதான் டாக்டர்கிட்ட போன்ல கேட்டேன். உங்க சுகர் ரிப்போர்ட்ல நியூரோபதின்னு இருந்ததை நரம்புத் தளர்ச்சின்னு நெனச்சு, ஆறு மாசமா டானிக் குடுத்திருக்கேன் பாருங்க. நடக்க வைக்கிற நரம்பு நல்லா இருக்காம். பாதத்துல வலி, சூடு, தொடுறதுன்னு எல்லாத்தையும் சொல்ற நரம்புதான் செத்துப்போச்சாம். தெரிஞ்சாத்தானே நீங்க சொல்லுவீங்க.

தரை பூரா காந்தத்தால துழாவிட்டேன். இன்னும் மூணு ஊசி கிடைச்சுது.

இன்னொண்ணு. கிளம்புறப்ப கால்மாட்டுல உட்கார்ந்து, உங்க பாதத்தைப் பிடிச்சுக்கிட்டு மனசுக்குள்ளயே மன்னிப்புக் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கிட்டு முழிச்சுத்தான் படுத்திருந்தீங்க. திரும்பிக்கூடப் பார்க்கலையேன்னு கோவிச்சுக்கிட்டுப் படி இறங்கினேன். கடைசிப் படியிலதான் உறைச்சுது. ஏறி வந்தா தூங்கிட்டீங்க. அதான் இதை எழுதி வெச்சுட்டுப் போறேன்.

சாயங்காலம் வந்து கையைப் பிடிச்சுக் கேட்கிறேன்.