பிரெஞ்சு டிஃபென்ஸும் என் பொய்யும்

என் தேனக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மண்டபத்தில் உன் பெயரில் செஸ் போட்டி நடந்தது. உன் போட்டோவுக்கு மாலை போட்டுவிட்டு, நீயும் நானும் மோதிய கடைசி ஆட்டத்தைப் பெரிய பலகையில் விளக்கச் சொன்னார்கள். வேறு ஆட்டமே கிடைக்கவில்லையா இவர்களுக்கு?

நாலு வருஷத்துக்கு முன், அந்த ஆட்டத்துக்கு முதல் நாள் காலை, சோறு வடித்துக்கொண்டே நீ சொன்னாய்: "கறுப்புக் காய்ல நான் எப்பவும் ஆடுற பிரெஞ்சு டிஃபென்ஸ்ல ஒரு ஓட்டை இருக்குடி. ஒன்பதாவது மூவ்ல வெள்ளை பிஷப்பை வெட்டக் கொடுத்தா நான் காலி. நல்லவேளை, எவளுக்கும் தெரியாது."

எனக்குத் தெரிந்துவிட்டதே. மறுநாள் மாவட்டப் போட்டியின் கடைசிச் சுற்றில் எதிரெதிரே உட்கார்ந்தோம். டிரா ஆனாலே மாநிலப் போட்டிக்கு நீ போவாய்; அந்தச் சான்றிதழை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கலாம் என்றிருந்தாய். எனக்கோ ஜெயித்தால்தான் இடம். நான் அந்த ஓட்டையில் கை வைக்க மாட்டேன் என்று நம்பித்தான் பிரெஞ்சு டிஃபென்ஸையே ஆடினாய். நான் பிஷப்பைக் கொடுத்தேன். ஒரே ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தாய், அவ்வளவுதான்.

"போர்டுல உட்கார்ந்தப்பதான் தோணுச்சு" என்று எல்லோரிடமும் அளந்தேன். நீ மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மாநிலப் போட்டிக்குப் போய்த் தோற்றுத் திரும்பினேன். நீ எடமலைப்பட்டி புதூரில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தாய். மூன்றாவது மாதம், வேலைக்குப் போகிற வழியில் லாரி மோதியது. உன்னை அந்த ரோட்டுக்கு அனுப்பினது நான்தானே, அக்கா?

ஞாயிற்றுக்கிழமையும் கேட்டார்கள், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று. வாய் கூசாமல் அதே பொய்யைச் சொன்னேன்.

திரும்பும்போது ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், கூட வந்திருந்த அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "அது அவ சொன்னதுதானே? அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டா. சின்னவ பாவம், கேட்டுடாதம்மான்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. நீயா சொல்வேன்னு நாலு வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன்."

காவிரிப் பாலம் முடிகிற வரைக்கும் அம்மா என் பக்கம் திரும்பவில்லை.

இனித் தள்ளிப்போட மாட்டேன். நாளைக்கே போட்டி நடத்தியவர்களிடம் போகிறேன். அம்மாவையும் கூப்பிடுவேன், வருவாளா என்று தெரியவில்லை. வராவிட்டாலும் சொல்வேன்: அவள் என்னை நம்பினாள், அந்த நம்பிக்கையை வைத்தே அவளைத் தோற்கடித்தேன்.

உன் கூடப்பிறந்தவள்,
கலா