எதிர்ச்சாரியிலிருந்து பார்த்த ஜன்னல்

நம் வீட்டு மேஸ்திரியம்மா,

பத்து மணிவாக்கில் தச்சர் வருவார். நான் கேட்ட ஸ்லைடிங் ஜன்னல் வேண்டாம்; நீ சொன்னபடி ஆறு சின்னக் கண்ணாடி வைத்த மர ஜன்னலையே செய்யச் சொல்.

கீழே மாதிரிக்கு மாட்டிய ஒற்றைக் கண்ணாடியில் நீ காகிதப் பட்டை ஒட்டி ஆறு கட்டமாக்கியிருந்ததைக் காலையில் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தேன். பழைய மாடி ஜன்னல்களோடு அச்சாகப் பொருந்துகிறது. எப்படித்தான் தோன்றியதோ உனக்கு! வெகுநேரம் நின்றதில் பக்கத்து வீட்டுக்காரர், "சாவியத் தொலச்சிட்டீங்களா சார்?" என்று கேட்டுவிட்டார்.

"இந்தப் பழைய வீட்டுக்கு ஸ்லைடிங் போட்டா தாத்தாவுக்குக் கூலிங்கிளாஸ் மாட்டின மாதிரி இருக்கும்" என்று நேற்று நீ சொன்னபோது நான் புத்தகத்திலிருந்து நிமிரவில்லை. "உங்க இஷ்டம்" என்று எழுந்து போய்விட்டாய். நான் பேசாமலிருந்தது கோபத்தில் இல்லை, யோசனையில். புத்தகம் இன்னும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

பி.கு.: பட்டைகளைப் பிய்த்துவிடாதே. சாயங்காலம் இரண்டு பேரும் எதிர்ச்சாரியில் நின்று பார்க்கலாம். இந்த முறை நானே பேச்சை ஆரம்பிக்கிறேன்.