நாற்பத்தொரு நிமிடம்

என் அன்புக்குரியவருக்கு,

நானும் மகளும் நலம். சமையலறைக் குழாய் மட்டும் நலமில்லை, சொட்டிக்கொண்டே இருக்கிறது. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் அதெல்லாம் ஒண்ணுமில்ல என்பீர்கள். அதனால் கேட்கவில்லை. உங்கள் அறையில் தங்கியிருக்கும் கிரேன்காரர் லீவு முடிந்து வியாழக்கிழமை அங்கே கிளம்புகிறாராம். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் மூன்று முடிவு எடுத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பாருங்கள். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் வாயைத் திறங்கள்.

அன்றைக்கு நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். வருஷக் கடைசி போனஸ் நினைத்ததில் பாதி கூட வரவில்லை என்றேன். அவ்வளவுதான். நீங்கள் ஒரே மூச்சில், அந்த வேலைய விட்டுத் தள்ளு, நான் அனுப்பறது உனக்குப் பத்தலையா, லீவு லெட்டர திரும்ப வாங்கிடறேன், அடுத்த வருஷம் வந்துக்கறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். நல்ல வேளை, நடுவில் ஒரு கடல் இருந்தது. இல்லாவிட்டால் நடப்பதே வேறு.

லிஃப்ட் கம்பெனியில் போன் எடுக்கிற வேலை என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். என்ன செய்கிறாய் என்று நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், கேளுங்கள். மூன்றாவது மாடியில் ஜன்னல் திறக்காத ஓர் அறை. ஆறு மேஜை, ஆறு பேர். காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போன். அழைப்பு வந்ததும் எதிரே திரையில் பச்சை நிறத்தில் நேரம் ஓட ஆரம்பிக்கும். நாலு நிமிடம் தாண்டினால் எண்கள் சிவப்பாகிவிடும். சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பலகை: லிஃப்டில் சிக்கியவரைத் தனியே விடாதீர்கள். அதற்குக் கீழேதான் எங்கள் மேலாளர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்கேல். ஒல்லியான ஆள், விறைப்பான நடை, எதையும் அளந்துதான் பேசுவார்.

முக்கால்வாசி அழைப்பு சில்லறை விஷயம். விளக்கு எரியவில்லை, கதவு கிறீச்சிடுகிறது, பொத்தான் உள்ளே போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாலு அழைப்பு மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடமிருந்து வரும். மற்றவர்கள் விலாசம் வாங்கி, மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, ஆள் வந்துகிட்டிருக்காங்க பயப்படாதீங்க என்று சொல்லி வைத்துவிடுவார்கள். நான் ஒருத்திதான் அந்தப் பலகையை நிஜம் என்று நம்பிய புத்திசாலி. மெக்கானிக் வந்து கதவைத் திறக்கிற சத்தம் கேட்கிற வரைக்கும் வைக்கவே மாட்டேன். நாலு சுவருக்குள் ஒரு பேச்சுக்குரலுக்கு ஏங்குவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன?

ஒரு நாள் ஒரு பெயிண்டர் மாட்டிக்கொண்டார். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில், இரண்டு பெயிண்ட் வாளியோடு. இருட்டு, வாடை வேறு. மெக்கானிக் போக்குவரத்து நெரிசலில் நிற்கிறார். பெயிண்டருக்கு மூச்சு வாங்குகிறது. எதையாவது பேசியே ஆகவேண்டும். வாளியில் என்ன கலர் என்று கேட்டேன். சாம்பல் என்றார். யாராவது வீட்டுக்குச் சாம்பல் கலர் அடிப்பாங்களா என்று வம்புக்கு இழுத்தேன். அதான் இப்ப எல்லாரும் அடிக்கறாங்க மேடம் என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்ததும் மூச்சும் சரியாக வந்தது. அப்படியே அவர் வீட்டுக் கதை, என் வீட்டுக் கதை என்று நாற்பத்தொரு நிமிடம் ஓடியது. கதவு திறந்ததும் அவர் நன்றி கூடச் சொல்லவில்லை. வாளி பத்திரமா இருக்கு மேடம் என்றுதான் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு நடந்தேன் என்றா நினைக்கிறீர்கள்? மிதந்தேன்.

இப்போது என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். வருஷக் கடைசியில் எல்லாருக்கும் ஒரு மாதச் சம்பளம் போனஸ் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே பக்கத்து மேஜை அக்கா சொன்னார். ஒன்பது வருஷமாக அங்கே இருப்பவர். அந்த ஒரு வார்த்தையை வைத்து நான் மனக்கோட்டை கட்டிவிட்டேன். உங்களுக்குப் போகவர டிக்கெட் என் காசில் என்று அன்றைக்கே தம்பட்டம் அடித்தேன். உங்களை லீவுக்கு எழுதிப் போடச் சொன்னதும் நான்தான். கீழ்வீட்டுக்காரியிடம் சொன்னேன், தையல்காரரிடம் சொன்னேன், முன்பின் தெரியாத பெயிண்டரிடம் கூடச் சொன்னேன். எத்தனை மாதத்துக்கு எவ்வளவு என்று ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாற்பத்திரண்டு வயதில் முதல் வேலை. எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

கவரைப் பிரித்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. நான் சேர்ந்து ஏழு மாதம்தான், அதனால் ஏழு மாதத்துக்கான பங்கு. சரி, அது நியாயம். அதற்குக் கீழே இன்னொரு வெட்டு. கூட இருந்த மதிப்பெண் தாளில் என் பேருக்கு நேரே, சராசரி அழைப்பு நேரம் பதினொரு நிமிடம், வேலைத்திறன் சுமார் என்று போட்டிருந்தது. காசு குறைந்தது கூட அவ்வளவு சுடவில்லை. அந்தச் சுமார் என்ற வார்த்தைதான் சுருக்கென்று தைத்தது. பாத்ரூமில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து மீதி அழைப்புகளை எடுத்தேன். சாயங்காலம் உங்களுக்குப் போன் செய்தேன். ஐயோ, அப்படியா என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குப் போதும். வேலையை விடு என்றீர்கள்.

நான் விடவில்லை. அதற்குப் பதிலாக இன்னும் மோசமான ஒன்றைச் செய்தேன். இனி நானும் நாலு நிமிடம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு முடிவு செய்தேன். விலாசம், மெக்கானிக், பயப்படாதீங்க, டொக். ஒரு வாரம் திரையில் சிவப்பே வரவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு பள்ளிக்கூட டீச்சர் மாட்டிக்கொண்டார். கையில் பரீட்சைத் தாள் கட்டு. மூன்றாவது நிமிடத்தில் வைத்துவிட்டேன். திரும்பக் கூப்பிட்டார், மறுபடி என் மேஜைக்கே வந்தது. ஆள் கிளம்பியாச்சும்மா என்று வைத்தேன். மூன்றாவது தடவையும் அப்படித்தான். நாலாவது தடவை அவர் பேசவே இல்லை. அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்போது என்னால் வைக்க முடியவில்லை. என்ன பாடம் எடுக்கறீங்க டீச்சர் என்று கேட்டேன். கணக்கு என்றார். எனக்கு ஒன்பதாம் வாய்ப்பாடு எப்பவும் தகராறு, கொஞ்சம் சொல்லுங்க என்றேன். அழுதுகொண்டே சொன்னார். ஒன்பதாம் வாய்ப்பாடு முடியும்போது கதவு திறந்தது.

அதற்கப்புறம்தான் கூத்து. சாயங்காலம் ஸ்கேல் என் மேஜைக்கு வந்து, இந்த வாரம் நல்ல முன்னேற்றம் என்று பாராட்டினார். எப்படி முன்னேற்றம்? ஒரே டீச்சர் நாலு தடவை கூப்பிட்டதை இயந்திரம் நாலு தனித்தனி அழைப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒருத்தியை அழவிட்டதற்கு என் சராசரி குறைந்திருக்கிறது! எனக்கு உடம்பெல்லாம் கூசியது. போனஸ் கவரைப் பார்த்தபோது கூட நான் அவ்வளவு சிறுத்துப் போகவில்லை.

மறுநாள் காலையில் ஹெட்போனை மாட்டுவதற்கு முன்னாலேயே அவர் மேஜைக்குப் போய் நின்றேன். சார், நேத்து நான் நாலு பேரை கவனிக்கல, ஒரே ஆளை மூணு தடவை விட்டுட்டுப் போனேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. எங்கள் அழைப்பு எல்லாம் பதிவாகும். அந்த டீச்சரின் நாலு அழைப்பையும், அப்புறம் எனக்குச் சுமார் வாங்கிக்கொடுத்த அந்த நாற்பத்தொரு நிமிடத்தையும் ஒரு தடவை கேளுங்க சார், கேட்டுட்டு நீங்களே மார்க் போடுங்க, உங்க தலைக்கு மேல இருக்கற பலகைக்கும் கையில இருக்கற தாளுக்கும் ஒத்துப்போகல என்று சொல்லிவிட்டேன். நானா பேசினேன் என்று எனக்கே இன்னும் ஆச்சரியம்தான்.

மனிதர் கேட்டார். முழுதாகக் கேட்டார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, சாப்பிடாமல் கேட்டார். பாதியில் ஒரு தடவை சிரித்தார். அவர் சிரித்து ஒன்பது வருஷத்தில் நான் பார்த்ததில்லடி என்று பக்கத்து மேஜை அக்கா என்னைக் கிள்ளினார். கேட்டு முடித்ததும் என்னைக் கூப்பிட்டு, உங்க வீட்டுக்காரர் குறட்டை நிஜமாவே அவ்வளவு சத்தமா என்று கேட்டாரே பார்க்கலாம்! எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பெயிண்டரின் பயத்தைப் போக்க நான் உங்கள் கதையைத்தான் எடுத்து விட்டிருந்தேன், வேறென்ன எனக்குத் தெரியும்? உங்கள் குறட்டை இப்போது கம்பெனிப் பதிவில் ஏறிவிட்டது, மன்னித்துவிடுங்கள்.

இந்த வருஷக் கணக்கு முடிஞ்சு போச்சும்மா, ஒரு ரூபாய் கூட என்னால ஏத்த முடியாது என்று நேராகவே சொன்னார். ஆனால் இனிமேல் லிஃப்டில் சிக்கியவர்களின் அழைப்பு சராசரியில் சேராது. அதற்குத் தனிப் பத்தி. எனக்கு மட்டுமல்ல, ஆறு பேருக்கும். திங்கட்கிழமையே புதுத் தாள் வந்துவிட்டது. நான் சேர்ந்து எட்டு மாதம் கூட முழுதாக ஆகவில்லை. அந்தத் தாளில் ஒரு பத்தி என்னால் வந்தது.

பழைய மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கீழே ஊழியரின் கருத்து என்று ஒரு கட்டம் உண்டு. எல்லாரும் ஒன்றுமில்லை என்று எழுதுவார்களாம். நான், கதவு திறக்கும்வரை பேசினேன், இனியும் பேசுவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்து மேஜை அக்கா அதை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்பது வருஷமாக அவர் எழுதிவந்த ஒன்றுமில்லையை அடித்துவிட்டு ஏதோ நாலு வரி எழுதினார். என்ன என்று கேட்டதற்குக் கையால் மறைத்துக்கொண்டார். நம் மகள் என் தாளின் நகலைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம் எங்கம்மா ஆபீஸ்ல சண்டை போட்டாங்க என்கிறாள். சண்டை இல்லடி, பேச்சு என்று திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது. உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதனால் வேலையை விடு என்று இனி சொல்லாதீர்கள். நீங்கள் அனுப்புவது பத்துகிறது. காசுக்காக நான் வேலைக்குப் போகவில்லை. பகல் முழுக்க யாருமில்லாத வீட்டில் கதவையே பார்த்துக்கொண்டு இருந்து பாருங்கள், புரியும். இரண்டரை வருஷமாகப் பார்த்தேன். அந்தப் பெயிண்டர் என்னிடம், உங்க வீட்டுக்காரர் எப்ப மேடம் வருவாரு என்று கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில் பதிவில் இருக்கிறது. ஸ்கேல் அதைக் கேட்டபோதுதான் சிரிப்பதை நிறுத்தினார் என்று நினைக்கிறேன். அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. நேரில் கேளுங்கள், சொல்கிறேன்.

இந்தக் கவருக்குள் இன்னொரு காகிதம் இருக்கிறது, பிரித்துப் பாருங்கள். உங்கள் டிக்கெட், மகள்தான் உட்கார்ந்து போட்டாள். லீவு லெட்டரைத் திரும்ப வாங்கிவிட்டீர்கள் என்றால் மறுபடி போய்க் கொடுத்துவிடுங்கள். அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி, ஜன்னல் ஓரம். ரத்து செய்தால் காசு திரும்ப வராதாம், நான் கேட்டுவிட்டேன். இப்போதெல்லாம் எதையும் முன்கூட்டியே கேட்கிறேன்.

என் போனஸ் நீங்கள் வருகிற டிக்கெட்டுக்கு மட்டும்தான் போதுமானதாக இருந்தது. திரும்பிப் போகிற டிக்கெட் வாங்க முடியவில்லை. அது அடுத்த வருஷ போனஸில்தான். அதுவரைக்கும் நீங்கள் இங்கேயே இருக்க வேண்டியதுதான், வேறு வழியில்லை. குழாயும் சொட்டிக்கொண்டிருக்கிறது. பத்திரமாக வந்து சேருங்கள்.

கதவு திறக்கும் சத்தத்துக்குக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி